சாவியை எடுத்து வைத்தது யார்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரம் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கழற்றியபோது பெண்டுலம் தொலைந்துவிட்டது. திருநெல்வேலியில் ஒன்று வாங்கி மாட்டினேன். ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். நாளுக்கு 10 நிமிடம் முந்துகிறது. கனமான குண்டாக மாற்றட்டுமா? பாட்டரி மெஷின் வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. முன்பெல்லாம் ஞாயிறுதோறும் அப்பாதான் சாவி கொடுப்பார். 78 வயதில் ஸ்டூலில் ஏறக் கூடாதென்று போன வருடமே சாவியை வாங்கி பீரோவில் வைத்துவிட்டோம்.

பதில்: குண்டின் கனத்தால் ஒன்றும் ஆகாது அம்மா. நீளம்தான் கணக்கு. 25 செ.மீ. ஊசலில் 1 மி.மீ. கூடினால் நாளுக்கு ஏறத்தாழ 3 நிமிடம் குறையும். உங்களுக்கு வேண்டியது மூன்றரை மி.மீ. குண்டுக்கு அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் குண்டை இறக்குங்கள். திருகு கடைசி வரை வந்தும் போதவில்லை என்றால் நீளமான கம்பி வாங்குங்கள். ஊசல் தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு மடங்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பெண்டுலம் தொலைந்தது பொங்கலுக்கு. அப்பாவிடமிருந்து கடிகாரம் போனது அதற்கும் முன்னால். அதை ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்களே! கடைக்காரரிடம் கேட்டீர்கள், என்னிடம் கேட்கிறீர்கள். இத்தனை வருடம் அதைத் தொட்டு ஓட்டியவரிடம், பழைய பெண்டுலம் எவ்வளவு நீளம் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்து, கையிலிருந்த வேலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, அதற்குக் கவனிப்பு என்று பெயர் வைக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. பெற்றவரை விருந்தாளியாக உட்கார வைப்பது பிள்ளைகளின் கடமை ஆகாது.

விழுந்துவிடுவார் என்ற பயம் நியாயம். அதற்கு ஸ்டூலை எடுத்திருக்க வேண்டும். சாவியை ஏன் எடுத்தீர்கள்? ஆணியை இறக்கி அடியுங்கள். அப்பா தரையில் நின்றபடி சாவி கொடுக்கும் உயரம் போதும். கழற்றும்போது பெண்டுலத்தை முதலில் எடுத்துவிடுங்கள். மாட்டியபின் 'டிக்', 'டக்' இரண்டுக்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று அப்பாவையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பெட்டி சாய்ந்திருந்தால் நொண்டும், நின்றும்விடும். திருகைக் கொஞ்சம் திருப்பி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கும் வேலையும் அவருடையது.

தம்பியின் பாட்டரி யோசனை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சாவி அப்பா கைக்குப் போகட்டும்.