சூளை ஆறும்போது ‘டிங்’!

கேள்வி: காவிரி மணல் கலந்த மண்ணில் குதிரை பொம்மை செய்து, மின்சூளையில் 900 டிகிரியில் சுடுகிறேன். ஆறும்போது ‘டிங்’ என்று கால் விரிசல் விடுகிறதே, ஏன்? – வாசகி, கும்பகோணம்

பதில்: காரணம் மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம். ஆறும்போது 573 டிகிரி செல்சியஸில் அதன் படிகக்கூட்டில் எந்தப் பிணைப்பும் அறுவதில்லை. சிலிக்கா நான்முகிகள் (ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட, கூட்டின் அடிப்படை அலகுகள்) லேசாகத் திரும்புகின்றன, அவ்வளவுதான். அதற்கே கூடு சட்டென்று சுருங்கிவிடும். மெல்லிய கால் முதலில் 573-ஐத் தாண்டிச் சுருங்க, தடித்த வயிறு பின்தங்கும். இழுபடுவது இரண்டும் சேரும் இடம். சூடேறும்போதும் இதே மாற்றம்தான், ஆனால் மண் அப்போது இறுகியிருக்காது, தாங்கிக்கொள்ளும்.

650-லிருந்து 500 வரை மணிக்கு 50 டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். மணலில் பாதியைக் குறைத்து, சுட்ட ஓட்டுத்தூள் சேருங்கள். 100-க்குக் கீழே வரும்வரை கதவில் கைவைக்க வேண்டாம். (எட்டிப் பார்க்கும் ஆசைதான் பாதி பொம்மைகளை உடைக்கிறது!)