மேடையில் சுழன்ற கார் எங்கே போகிறது?

கேள்வி: வாகனக் கண்காட்சிகளில் அறிமுகப்படுத்தும் கார்களில் பல, கடைசிவரை சாலைக்கு வருவதே இல்லை. பிறகு அவற்றை நசுக்கிவிடுகிறார்களாம். எங்கள் காசிமேட்டில் பழைய விசைப்படகைப் பிரித்தால் ஆணிகூட வீணாகாது. கோடிகளைக் கொட்டிச் செய்த காரை ஒரு பாலிடெக்னிக்குக்குக் கொடுத்தால் பிள்ளைகளாவது பழகுவார்களே?
– வாசகர் ஒருவர், தண்டையார்பேட்டை

பதில்: மேடையில் சுழன்றது கார்தான் என்று நம்பிக்கொண்டு வழக்காடுகிறீர்கள். கண்காட்சிக்கென்றே செய்யப்படும் கான்செப்ட் வண்டிகள் பலவற்றில் கண்ணாடியிழையில் வார்த்த உடலும் பளபளக்கும் வண்ணமும் இருக்கும். எஞ்சின் இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லாரியிலிருந்து இறக்கி மேடைவரை தள்ளிக்கொண்டு போவதோடு அவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். உங்கள் பக்கத்துத் திருவொற்றியூரில் 1955-இல் வேரூன்றிய ராயல் என்ஃபீல்டு, 2018-இல் மிலான் கண்காட்சியில் 838 சிசி திறனுள்ள கேஎக்ஸ் என்ற கான்செப்ட் மோட்டார் சைக்கிளைக் காட்டி எல்லாரையும் வாய் பிளக்க வைத்தது. அது விற்பனைக்கு வரவில்லை. எங்களால் இதுவும் முடியும் என்று காட்டுவதற்குச் செய்த வண்டி, காட்டிய அன்றே தன் வேலையை முடித்துவிட்டது.

ஓடக்கூடிய முன்மாதிரி வண்டிகளின் கதை வேறு. அவற்றில் பலவற்றைப் பாதுகாப்புச் சோதனைக்காகச் சுவரில் மோதவிட்டே தீர்த்துவிடுவார்கள். மிஞ்சியவற்றையும் விற்க வழியில்லை: நம் நாட்டின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதிப்படி, முன்மாதிரி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேறிய பிறகே அந்த வகை வண்டி சந்தைக்கு வர முடியும், பாதியில் கைவிட்ட வடிவத்துக்கு எந்த ஆர்.டி.ஓ. அலுவலகமும் எண் தராது. வெளிநாட்டிலிருந்து கண்காட்சிக்கென்று தீர்வை கட்டாமல் வந்த வண்டியென்றால், குறித்த கெடுவுக்குள் அது திரும்பக் கப்பலேற வேண்டும். இதை உங்கள் தெருவிலேயே துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் யாராவது விளக்குவார்.

பாலிடெக்னிக் யோசனையும் புதிதன்று. கிறைஸ்லர் நிறுவனம் தன் தொடக்ககால வைப்பர் கார்களை அமெரிக்கத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்குக் கொடுத்துத்தான் பார்த்தது. 2014-இல், வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கல்லூரி பொக்கிஷமாக வைத்திருந்த வைப்பரை நசுக்கிவிடும்படி அதே நிறுவனம் ஆணையிட்டபோது ஆசிரியரும் மாணவர்களும் பதறிப்போனார்கள். சாலைக்கென்று சான்று பெறாத வண்டி எப்படியோ வெளியே போய் ஆளை அடித்துவிட்டால், வழக்கு கல்லூரியோடு நிற்காமல் செய்தவர் வீட்டுக்கும் வரும் என்பதே இத்தகைய ஆணைகளுக்குப் பின்னுள்ள அச்சம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் இவி1 மின்கார்களில் பெரும்பாலானவற்றை நசுக்கியபின், அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்த சிலவற்றையும் ஓடாதபடி முடக்கியே கொடுத்தது.

இவ்வளவையும் நியாயம் என்று நான் சொல்லவில்லை. அதே கிறைஸ்லர் 1963 முதல் டர்பைன் எஞ்சின் பொருத்திய 50 கார்களை 203 பேரிடம் முறைவைத்துக் கொடுத்து ஓட்டச் செய்தது. முன்மாதிரிகளையும் சேர்த்து மொத்தம் 55; அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 9, மற்றவற்றை நிறுவனமே அழித்துவிட்டது. உடற்பகுதி இத்தாலியிலிருந்து வந்ததால், அழிக்காமல் வைத்துக்கொண்டால் இறக்குமதித் தீர்வை கட்ட வேண்டியிருந்தது என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். தீர்வைக் கணக்குக்காக வரலாற்றைத் தீயில் போட்டவர்களை மெச்ச எனக்கு மனம் வரவில்லை.

பிழைத்தவற்றில் சில, முதலாளிகளின் தொலைநோக்கால் பிழைக்கவுமில்லை. சுமார் 2.5 லட்சம் டாலர் செலவில் செய்த 1955-ஆம் ஆண்டு லிங்கன் ஃப்யூச்சுரா, கேட்பாரற்றுக் கிடந்து 1 டாலருக்குக் கை மாறியது. 1966-இல் தொலைக்காட்சி பேட்மேனின் காராக உருமாறி, 2013-இல் 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. இன்னொரு கதை உங்கள் காசிமேட்டு உவமைக்கு நெருக்கமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1950-களில் தன் காட்சிக் கார்கள் நான்கை அழிக்கச் சொல்லி மிச்சிகனில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியது. கடைக்காரர் அவற்றை முழுக்க அழிக்காமல் முற்றத்தில் போட்டுவைத்தார். 1980-களின் இறுதியில் ஜோ போர்ட்ஸ் என்ற சேகரிப்பாளர் தேடிவந்தபோது, அவற்றுள் 1955-இன் செவ்ரோலே பிஸ்கேன் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடந்தது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துத்தான் அந்தக் காரை மீட்டெடுத்தார்கள். ஆகவே உங்கள் மனுவை எழுத வேண்டிய முகவரி பாலிடெக்னிக் முதல்வருடையதன்று. சொன்ன பேச்சைக் கேட்காத பழைய இரும்புக் கடைக்காரர் எவராவது நம் பக்கத்தில் இருந்தால், அவரிடம் போய்ச் சொல்லிவையுங்கள்.