ரன்வேக்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு: வாசகர் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: விமான நிலையத் தரைப்பணியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்று, தக்கலையில் வசிப்பவர்.

கேள்வி: குவைத்தில் மகனைப் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினேன். சக்கரம் தரையில் பட்டதுமே பாதிப் பேர் எழுந்து பெட்டியை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். விமானம் சடக்கென்று நின்றதில் ஒரு பெட்டி என் தோளில் விழுந்தது. தரையில் ஓடும்போதும் பெல்ட் வேண்டுமா?
– வாசகி, குழித்துறை

பதில்: கட்டாயம் வேண்டும் அம்மா. தோளை டாக்டரிடம் காட்டினீர்களா? வலி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ரன்வே என்னும் ஓடுபாதையை விட்டு விலகிய பிறகும், நிறுத்துமிடத்துக்குப் போகும் பாதையான டாக்ஸிவேயில் விமானம் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில்கூடப் போகும். ஐம்பது அறுபது டன் எடை. குறுக்கே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் பைலட் பிரேக்கை மிதித்துத்தான் ஆக வேண்டும். உள்ளே யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் மின்னும் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பீர்கள். என்ஜின் நின்று அந்த விளக்கு அணையும்வரை ஏணியை நாங்கள் கிட்டே கொண்டுபோக மாட்டோம். முந்தி எழுந்தவரும் அந்த ஏணிக்காகத்தான் காத்து நிற்க வேண்டும். அடுத்த முறை பக்கத்தில் யாராவது எழுந்தால் தயங்காமல் உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: இத்தனை ரேடார், கம்ப்யூட்டர் இருந்தும் பெரிய விமான நிலையங்களில் தரையிலேயே விமானங்கள் மோதுவது எப்படி?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி மக்களே. விமான விபத்துகளிலேயே அதிகம் பேர் இறந்தது தரையில்தான். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃபே தீவு. பக்கத்துத் தீவில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்களை எல்லாம் அங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். டாக்ஸிவே நிறைந்துவிட்டதால் ரன்வேயிலேயே ஊர்ந்து போக வேண்டிய நிலை. மூடுபனி வேறு. பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் ரன்வேயை விட்டு விலகுமுன், எதிரே கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ கிளம்பி ஓடி வந்துவிட்டது. "இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் ரேடியோவில் சொன்ன நேரத்திலேயே, விமானங்களுக்கு அனுமதி தரும் கட்டுப்பாட்டு டவரும் பேசியதால், கேஎல்எம் காதில் அது இரைச்சலாக விழுந்தது. 583 உயிர்கள் போயின.

2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே நிலையத்திலும் பனிதான். சின்ன விமானம் ஒன்று தவறான டாக்ஸிவேயில் திரும்பி, பெரிய விமானம் கிளம்பும் ரன்வேக்குள் நுழைந்தது. தரை ரேடார் அப்போது இயக்கத்தில் இல்லை. 118 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா: ரன்வேயில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கியது. காவல்படையினர் ஐந்து பேர் மாண்டனர். எரிந்த பெரிய விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். குழித்துறை அம்மா சொன்னதுபோல் பெட்டிக்காக எல்லோரும் எழுந்திருந்தால் அது நடந்திருக்குமா?

மூன்றிலும் சங்கதி ஒன்றுதான்: ரன்வேயில் ஒரு விமானம் இருக்கும்போது இன்னொன்று வந்துவிட்டது. அதைத் தடுக்கவே டாக்ஸிவே ரன்வேயைச் சேரும் இடத்தில் தரையில் மஞ்சள் கோடுகள் போட்டிருப்பார்கள். டாக்ஸிவே பக்கம் இரண்டு முழுக்கோடு, ரன்வே பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போன கோடு. ஓரத்தில் வெள்ளை எழுத்தில் சிவப்புப் பலகை. பல நிலையங்களில் குறுக்கே சிவப்பு விளக்கு வரிசையும் உண்டு. முழுக்கோட்டைத் தாண்ட டவரின் அனுமதி வேண்டும். "கோட்டுக்கு முன்னால் நில்" என்று டவர் சொன்னால் பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் "சரி" போதாது. எத்தனை கருவி வந்தாலும் நான் முதலில் நம்புவது இந்தத் திருப்பிச் சொல்லுதலைத்தான்.

கேள்வி: ஆறாட்டு நாளில் திருவனந்தபுரத்தில் விமானத்தையே நிறுத்திவிடுவார்களாமே, உண்மையா?
– வாசகர், குளச்சல்

பதில்: உண்மைதான். பத்மநாபசுவாமி கோயிலில் சாமியை நீராட்ட எடுத்துப்போகும் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ரன்வேயைக் கடந்துதான் போகும். பங்குனியிலும் ஐப்பசியிலும் அந்த நாளில் சில மணி நேரம் விமானங்கள் கிடையாது. அங்கே இருப்பது ஒரே ரன்வே. ஊர்வலம் திரும்பிய பிறகு, கீழே ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் திறப்பார்கள். 2000-ஆம் ஆண்டு பாரிஸில் கான்கார்ட் எரிந்து 113 பேர் இறந்ததற்குக் காரணம், ரன்வேயில் கிடந்த ஒரு உலோகத் துண்டு. டிக்கெட் எடுக்குமுன் ஆறாட்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விமான நிலையத்தில் லோடர் வேலை கிடைத்திருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– இளைஞர், மார்த்தாண்டம்

பதில்: சந்தோஷம் தம்பி. என்ஜினுக்கு முன்னாலும் போகாதே, பின்னாலும் போகாதே. நிற்கும் விமானத்தின் என்ஜின்கூட ஓடிக்கொண்டிருந்தால் ஆளை உள்ளே இழுத்துவிடும். பின்பக்கக் காற்று தள்ளுவண்டியையே புரட்டும். சிவப்பு விளக்கு மின்னினால் எந்த அவசரமானாலும் தள்ளி நில். தொப்பி, தளர்ந்த துணி, கழுத்தில் தொங்கும் கார்டு, எதுவும் பறக்கும்படி இருக்கக் கூடாது. காதை அடைக்கும் மஃப் இல்லாமல், விமானங்கள் நிற்கும் ஏப்ரனில் இறங்காதே. தரவில்லை என்றால் வெட்கப்படாமல் கேட்டு வாங்கு.