சஸ்காட்சுவானால் முடிந்தது வெர்மான்ட்டால் ஏன் முடியவில்லை?

ஒரு மாநிலம் வழிகாட்டினால் அமெரிக்கா முழுவதும் பொது மருத்துவக் காப்பீடு பரவிவிடும் என்று கனடிய முற்போக்காளர்கள் சொல்வது சரியா என்று கேட்டிருந்தீர்கள். பாதிதான் சரி. அந்த வாதத்தில் கூட்டாட்சி அரசின் பணம் விடுபட்டுப்போகிறது.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம் 1947இல் மருத்துவமனைக் காப்பீட்டைத் தனியாகவே தொடங்கியது என்பதும், 1962இல் மருத்துவர்களின் 23 நாள் வேலைநிறுத்தத்தைத் தாங்கி அத்திட்டத்தை மருத்துவர் கட்டணத்துக்கும் விரிவாக்கியது என்பதும் உண்மைதான். ஆனால் மற்ற மாகாணங்களை இழுத்துவந்தது, செலவில் ஏறத்தாழப் பாதியை ஒட்டாவா, அதாவது கனடாவின் கூட்டாட்சி அரசு, ஏற்ற 1957, 1966ஆம் ஆண்டுச் சட்டங்கள். அமெரிக்க மாநிலமான வெர்மான்ட் 2011இல் இதே பாதையில் சட்டம் இயற்றியும், நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்மீது 11.5 விழுக்காடு வரி தேவைப்படும் என்று தெரிந்ததும், 2014 டிசம்பரில் ஆளுநர் பீட்டர் ஷம்லின் அதைக் கைவிட்டார்.

எனவே, எந்த மாநிலத்தின் மசோதாவைப் படித்தாலும், முதலில் வாஷிங்டனின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். நான் கொள்கை முன்னுரையைப் படிப்பதே இல்லை.

ஒரு எச்சரிக்கை: கனடாவின் திட்டத்தை முழுமையான முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம், மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்துகளுக்குக் காப்பீடு தருவதை 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் கட்டாயமாக்கவில்லை.