டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்கிறார்

மனநல மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தார். 14 மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வேலை நின்றுவிட்டது. நான் அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். குழுக்கடன் இரண்டு ஓடுகிறது, மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். மூன்று மாதமாக அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டிவி போட்டால் அணைக்கச் சொல்கிறார். போன வாரம், "நான் வரலை, நீ வேலைக்குப் போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்று டயாலிசிஸ் போகவே இல்லை. "நீ ஒரு கிட்னி குடுத்தா அவன் எந்திரிச்சு உக்காந்துக்குவான்" என்கிறார் மாமியார். கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் நெஞ்சு அடைக்கிறது. இவர் மனசு விட்டுவிட்டாரா, இல்லை இதுவும் ஒரு நோயா? நான் பயப்படுவது தப்பா?
- பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்.

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. டயாலிசிஸ் ஒரு நாள் தவறினாலும் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறும். பொட்டாசியம் அளவு மீறினால் இதயம் திடீரென்று நின்றுபோகலாம். அதனால் "வரலை" என்று அவர் சொன்னதை அலுப்பில் வந்த பேச்சாக விட்டுவிடாதீர்கள். இன்று ராத்திரி மகள் தூங்கியபின் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதுங்களா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகுமோ என்று எல்லாரும் தயங்குகிறார்கள். அப்படி ஆகாது. கேட்க ஆள் இருக்கிறது என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல். "ஆமா" என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியிலேயே பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-ம் இருக்கிறது.

இது நோயா என்று கேட்டீர்கள். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது நான் மனநல மருத்துவ மேற்படிப்பில் இரண்டாம் வருஷம். தினமும் சாயந்திரம் போன் செய்வேன். "எத்தனை கிலோ ஏறியிருக்கு? தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?" இவ்வளவுதான் கேட்பேன். அப்பா எண்களைச் சொல்வார், நானும் திருப்தியாகப் போனை வைத்துவிடுவேன். ஒருமுறை ஊருக்குப் போனபோது அவருடைய வரவு செலவு நோட்டைப் புரட்டினேன். முப்பது வருஷமாகப் பால், காய்கறி, மளிகை என்று ஒன்று விடாமல் எழுதி வந்த நோட்டு. கடைசிப் பக்கங்களில் பாலும் இல்லை, காய்கறியும் இல்லை. "என் வகையில்" என்று மேலே எழுதி, ஆட்டோ 120, ஊசி, மாத்திரை, மறுபடி ஆட்டோ 120 என்று அவரால் ஆன செலவை மட்டும் எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கூட்டல் போட்டு, அடியில் இரண்டு கோடு. பகல் முழுக்க வார்டில் மற்றவர்களுடைய மனச்சோர்வைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த எனக்கு, அப்பாவுடையது அந்த நோட்டைப் பார்க்கும்வரை தெரியவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

டயாலிசிஸில் இருப்பவர்களில் நாலில் ஒருவருக்காவது மனச்சோர்வு வருகிறது. கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். களைப்பு, பசியின்மை, தூக்கம் கெடுவது எல்லாம் கிட்னி நோயிலும் உண்டு. எல்லாவற்றையும் "டயாலிசிஸ் அப்படித்தான்" என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். நான் அதைவிட வேறு இரண்டைத்தான் பார்ப்பேன். முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்காமல் போவது ஒன்று. நம்மால் எல்லாருக்கும் பாரம் என்ற நினைப்பு இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. "நீ வேலைக்குப் போ" என்று அவர் சொன்னதில் எனக்குக் கோபம் கேட்கவில்லை. உங்கள் ஒரு நாள் சம்பளம் போகிறதே என்ற கணக்குத்தான் கேட்கிறது.

தமிழில் இதற்கு 'மன அழுத்தம்' என்றே பேர் பரவிவிட்டது. வேலை நெருக்கடிக்கும் அதே பேர்தான். அதனால்தான் "கோயிலுக்குப் போ, நாலு பேரோட பேசு, சரியாயிடும்" என்று எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர் மனசை விடவில்லை, சகோதரி. அவருக்கு வந்திருப்பது வைத்தியம் இருக்கிற நோய்.

மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் காட்டலாம். அதற்கு முன்னால் கிட்னி டாக்டரிடம் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டில் எது குறைந்தாலும் ஆள் இப்படிச் சுருண்டுபோவது உண்டு. டயாலிசிஸில் இருப்பதை மனநல டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மாத்திரையும் அளவும் அதை வைத்துத்தான் முடிவாகும். மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டும், "இது ஒத்துக்கலை" என்பார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.

அப்பாவுக்கு வைத்தியம் தொடங்கிய மூன்றாவது மாதம் அந்த நோட்டில் "செருப்பு 250" என்று ஒரு வரி வந்தது. அவருக்கு அவரே வாங்கிக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் நடந்தார்.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். மாமியார் பெற்ற வயிறு, அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மனச்சோர்வைப் போக்குவதற்காகக் கிட்னி மாற்று ஆபரேஷன் செய்வதில்லை. செய்துகொண்டால் எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க நேரம் தவறாமல் போடவேண்டும். டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர், அந்த மாத்திரையையும் ஒரு நாள் வேண்டாம் என்று தள்ளினால், நீங்கள் கொடுத்த கிட்னியும் வீணாகிவிடும். முதலில் அவர் மனம் தெளியட்டும். உங்கள் கிட்னி வேண்டுமா என்று அவரும் தெளிவோடு சொல்லவேண்டாமா?

கணவருக்கு மனைவி கொடுப்பதற்கு 1994ஆம் வருஷ உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதே சட்டம் உங்கள் சொந்தச் சம்மதத்தைக் கேட்கிறது, குடும்பத்தின் சம்மதம் அதற்கு ஈடாகாது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் உங்களுக்கும் பார்ப்பார்கள். தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். அங்கே பயத்தைச் சொல்லுங்கள். ஆபரேஷன் நாள் காலையில்கூட வேண்டாம் என்று சொல்லலாம். "மருத்துவக் காரணத்தால் இவர் பொருத்தமில்லை" என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லி, கொடுக்கத் தயங்குபவரைக் காப்பாற்றும் டாக்டர்கள் உண்டு. நீங்கள் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டில் சம்பளம் கொண்டுவருகிற ஒரே ஆள் நீங்கள், படிக்கிற பிள்ளைக்கு அம்மா. பயப்படாமல் சரி என்றிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இரண்டு மணி முழிப்பையும் லேசாக விடாதீர்கள். அவரைக் காட்டும் அதே நாளில் உங்களுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள்.

அடுத்த டயாலிசிஸ் அன்று கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நீங்களும் கூடப் போங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் பேச வாய் வரவில்லையென்றால் இதை எடுத்து நீட்டுங்கள்.