கலங்கலான இயற்கை ரெட் ஒயின்: கொட்டிவிடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

கேள்வி: நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவரும் சின்னத் திராட்சைத் தோட்டத்திலிருந்து இரண்டு பாட்டில் இயற்கை ரெட் ஒயின் பரிசாக வந்தது. ஒன்றைத் திறந்தேன். ஒயின் கலங்கலாக இருந்தது, அடியில் கசடு. வாயில் வைத்ததும் நாக்கில் லேசாகச் சுருக்கென்றது. அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடையும் வந்தது. கெட்டுப்போய்விட்டதா? குடித்தால் ஏதாவது ஆகுமா? இன்னொரு பாட்டிலை என்ன செய்வது?

பதில்: கொட்டிவிடாதீர்கள். கலங்கலும் நாக்கில் சுருக்கென்பதும் இந்த வகை ஒயினில் சகஜம். முட்டை வாடை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அதே சமயம், இயற்கை என்ற பெயரில் உண்மையாகவே பழுதான ஒயினும் விற்பனைக்கு வருகிறது. "இயற்கை ஒயின் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சமாதானம் சொன்னால் அதையும் அப்படியே ஏற்க வேண்டாம். காற்றுப் பட்டால் போகிற குறை எது, போகாத குறை எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

இந்த ஒயின் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பூச்சிமருந்து, ரசாயன உரம் இல்லாமல் வளர்ந்த திராட்சை, கையால் அறுவடை, பாக்கெட் ஈஸ்ட் போடாமல், பழத்தோலிலும் கிடங்கிலும் இருக்கும் ஈஸ்ட்டே சாற்றை நொதிக்க வைக்கும். வடிகட்டுவதில்லை, எதையும் சேர்ப்பதில்லை. கந்தக டை ஆக்சைடு மட்டும் சிலர் பாட்டிலில் அடைக்கும்போது துளி சேர்ப்பார்கள். வழக்கமான ஒயினுக்குக் காவல்காரன் இந்தக் கந்தகம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பில்லாத ரெட் ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி. பிரான்சில் 2020-இல் வந்த 'வேன் மெத்தோத் நத்யூர்' (இயற்கை முறை ஒயின்) முத்திரைக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். காவல் இவ்வளவு குறையும்போது பழத்தின் சுத்தம்தான் முழுப் பாதுகாப்பு. ஒரு அழுகல் கொத்து தொட்டிக்குள் போனாலும் அந்த ஆண்டு உழைப்பு வீணாகலாம். தன் கையாலேயே கொத்துக் கொத்தாகப் பார்த்துப் பொறுக்கும் குடும்பத் தோட்டங்களில் இந்த முறை நன்றாகப் பலிப்பதற்குக் காரணம் அதுதான்.

கந்தகத்தை விட்டுவிட்டால் இயற்கை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரான்சின் போஜொலே பகுதியில் இந்த வழிக்கு அடித்தளம் போட்ட ஜூல் ஷோவே ஒரு வேதியியல் ஆய்வாளர். ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வேலை செய்தவர். அவரிடம் கற்றுக்கொண்டு மோர்கோன் கிராமத்தில் இதைச் செய்து காட்டிய மார்செல் லாபியேரும் அப்படித்தான். எதையும் சேர்க்காமல் இருக்க, சேர்ப்பவர்களைவிட அதிகக் கவனம் வேண்டும்.

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருவோம். கலங்கல் வெறும் ஈஸ்ட்டும் பழத் துகளும்தான், தீங்கில்லை. அடியில் சர்க்கரை போல மின்னும் துகள்கள் இருந்தால் அவை டார்ட்டரேட் உப்பு, குளிரில் படிந்திருக்கும். பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்துத் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இறுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு விரல் அளவு கசட்டோடு பாட்டிலிலேயே நிற்கட்டும்.

நாக்கில் சுருக்கென்றது கார்பன் டை ஆக்சைடு. கந்தகத்துக்குப் பதிலாக இந்த வாயுவைக் கொஞ்சம் ஒயினிலேயே தங்கவிடுவது பல தயாரிப்பாளர்களின் வழக்கம். ஆக்சிஜன் தாக்காமல் அது காக்கும். குடுவையில் ஊற்றி நன்றாகச் சுழற்றினால் போய்விடும். திறந்ததும் நுரைத்துப் பொங்கி வழிந்தால் மட்டும் விஷயம் வேறு. மீதமிருந்த சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்திருக்கிறது என்று அர்த்தம்.

வாடைதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். அழுகிய முட்டை, உரசிய தீக்குச்சி போன்ற வாடைகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்களால் வருபவை. நொதிக்கும்போது ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் போதாவிட்டால் இவை உண்டாகும். வண்டலோடு, காற்றுப் படாமல் மூடிக் கிடந்த ஒயினில் அப்படியே தங்கியும்விடும். குடுவையில் ஊற்றி அரை மணி, ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குள் பழ வாசனை எழுந்தால் கவலை தீர்ந்தது. முதல் கிளாஸை வைத்து இந்த ஒயின்களை யாரும் எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டாம் மணி நேரத்தில் மலர்ந்து நிற்கிற ஒயின்கள் எத்தனையோ அவசரத்தில் கொட்டப்படுவது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும்.

காற்றால் போகாத வாடைகள் வேறு. குதிரை லாயம், மருந்து பிளாஸ்திரி மாதிரி வந்தால் அது பிரெட்டானோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. லேசாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், பழத்தையே மூடிவிட்டால் அது குறைதான். வினிகரும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி மூக்கைத் துளைத்தால் வினிகரை உண்டாக்கும் அசெட்டிக் பாக்டீரியா மிஞ்சிவிட்டது. ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க்கில் கோளாறு. அது எந்த ஒயினிலும் வரும், தயாரிப்பாளர் மீது தவறில்லை.

இன்னொன்று உண்டு, கந்தகம் இல்லாத ஒயினுக்கே உரிய தொல்லை: எலி வாடை. முகர்ந்தால் தெரியாது. விழுங்கிப் பத்து விநாடி கழித்து, எலிக்கூண்டு போல, சிக்கு அடித்த தானியம் போல ஒரு சுவை தொண்டைப் பக்கம் மெல்ல ஏறும். இதை உண்டாக்கும் சேர்மங்கள் ஒயினின் புளிப்பில் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும்; எச்சில் பட்டுப் புளிப்பு குறைந்ததும் வெளிவரும். அதனால்தான் அந்தத் தாமதம். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள், சில சமயம் பிடிபடும். சிலருக்கு இது தெரியவே தெரியாது, அதனால் கூடவே இன்னொருவரையும் சுவைக்கச் சொல்லுங்கள். முட்டை வாடைக்கு நேர்மாறாக, இது காற்றுப் படப் பட அதிகமாகும். முதல் மணியில் நன்றாக இருந்து மறுநாள் வாயில் வைக்க முடியாமல் போனால் பெரும்பாலும் இதுதான்.

உடம்புக்கு ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள். ஆல்கஹாலும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் நோய்க்கிருமிகள் ஒயினில் வளர்வதில்லை. மேலே சொன்ன குறைகள் சுவையைக் கெடுக்கும், நஞ்சாகாது. ஆனால் இயற்கை என்பதால் இது உடம்புக்கு நல்லது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஆல்கஹால் ஆல்கஹால்தான். கர்ப்பிணிகளுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் சொல்லும் எச்சரிக்கையில் மாற்றமில்லை. சல்ஃபைட் (கந்தக டை ஆக்சைடு ஒயினில் இருக்கும் வடிவம்) ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எதுவும் சேர்க்காவிட்டாலும் ஈஸ்ட்டே கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பாவில் லேபிளில் எழுதியாக வேண்டும். கந்தகம் குறைந்தால் தலைவலி வராது என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வெள்ளை ஒயினுக்குத்தான் சட்டப்படி அதிகக் கந்தகம் அனுமதி, ஆனால் தலைவலிப் புகார் அதிகம் வருவது ரெட் ஒயின் மேல்.

அப்புறம் அந்த இரண்டாவது பாட்டில். வெயிலும் வெளிச்சமும் படாத இடத்தில், 12 முதல் 14 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. அப்படி வசதி இல்லாவிட்டால் ஃபிரிட்ஜிலேயே வைத்துவிடுங்கள். சூட்டில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். கந்தகக் காவல் இல்லாத ஒயினில் உறங்கிக் கிடக்கும் பாக்டீரியாவைச் சூடு எழுப்பிவிடும். திறப்பதற்கு அரை மணி முன் வெளியே எடுத்தால் போதும், கொஞ்சம் குளிர்ச்சியோடு குடிப்பதே இதற்கு அழகு. பொங்கினாலும் பாதகமில்லாதபடி, முதல்முறை சிங்க் பக்கத்தில் வைத்துத் திறங்கள். மீந்ததைக் கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

திறப்பதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கே எழுதிக் கேட்கவும் தயங்க வேண்டாம். எந்த மாதம் பாட்டிலில் அடைத்தார்கள், அடைக்கும்போது கந்தகம் சேர்த்தார்களா, சர்க்கரை முழுக்க நொதித்து முடிந்திருந்ததா என்ற மூன்றும் போதும். லேபிளில் உள்ள தொகுதி எண்ணையும், முதல் பாட்டில் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திறந்திருக்கும் பாட்டில் எலி வாடைக்குத் திரும்பினால் இரண்டாவதை இப்போது தொடாதீர்கள், ஆறு மாதமாவது குளிர்ந்த இடத்தில் கிடக்கட்டும். மாதக்கணக்கில் மூடி வைத்தபின் அந்த வாடை மறைந்துபோன பாட்டில்களும் உண்டு.