மனசுல எட்டு, கையில அஞ்சு: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகுப்புக்கு அனுப்பும் வாசகர்கள், பனிக்காலப் பாடங்களைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இம்முறை.

கேள்வி: பேத்தி முதல் வகுப்பு படிக்கிறாள். 8+5 எவ்வளவு என்றால், “எட்டும் ரெண்டும் பத்து, பத்தும் மூணும் பதிமூணு” என்று சுற்றிவளைக்கிறாள். “மனசுல எட்டு, கையில அஞ்சு” என்று நான் சொல்லிக்கொடுத்தால், “டீச்சர் அப்படிச் சொல்லலை பாட்டி” என்கிறாள். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டவும் தெரியவில்லை. படிப்பில் பின்தங்கிவிட்டாளா? (வாசகி, எடிசன், நியூஜெர்சி)

பதில்: இல்லை அம்மா, சரியான இடத்தில்தான் இருக்கிறாள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் முதல் வகுப்பின் முக்கியமான கணக்கே 20க்குள் கூட்டல் கழித்தல்தான். அதற்கு ஆசிரியர்கள் பழக்கும் வழிகளில் ஒன்று ‘பத்தாக்கிக் கூட்டுவது’. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் சரளமாகக் கூட்டுவதை அங்கே 4ஆம் வகுப்பில்தான் எதிர்பார்க்கிறார்கள். இப்போதே அதைப் புகட்டினால், கைமாற்றிய ஒன்று உண்மையில் பத்து என்பது புரியாமலே விடை எழுதப் பழகிவிடுவாள்.

உங்கள் ‘மனசுல எட்டு’ தப்பில்லை, வகுப்பிலும் அது உண்டு. ஆனால் குழந்தைகள் அதில் ஒரே இடத்தில் சறுக்குவார்கள்: முதல் விரலை நீட்டும்போதே “எட்டு” என்று ஆரம்பித்து, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று 12இல் நிறுத்திவிடுவார்கள். விடை எப்போதும் ஒன்று குறைவாக வந்தால் காரணம் இதுதான். எட்டை நெஞ்சில் தட்டிச் சொல்லிவிட்டு, முதல் விரலுக்கு “ஒன்பது” என்று சொல்ல வையுங்கள்.

பத்தாக்கும் வழிக்கு வீட்டிலேயே ஒரு கருவி செய்யலாம். 12 முட்டை அட்டைப்பெட்டியில் ஓரத்து இரண்டு குழிகளை வெட்டிவிடுங்கள். ஐந்தைந்தாக இரண்டு வரிசை, பத்துக் குழிகள் கிடைக்கும். எட்டுக் கொண்டைக்கடலையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு, ஐந்தை வெளியே வையுங்கள். காலியாக இருக்கும் இரண்டு குழிகளை அவளே பார்ப்பாள். ஐந்திலிருந்து இரண்டை எடுத்து நிரப்பினால் வெளியே மூன்று. இதில் தடுமாறினால் கூட்டலை நிறுத்திவிட்டு, 9-1, 8-2, 7-3, 6-4, 5-5 என்ற பத்தின் ஜோடிகளை மட்டும் ஒரு வாரம் விளையாட்டாகக் கேளுங்கள். ஜோடி நாக்கு நுனியில் இல்லாத குழந்தைக்கு இந்த வழி சுமைதான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘தர்ட்டீன்’ என்னும்போது மூன்றின் ஒலி முதலில் வருகிறது, பத்து பின்னால் வருகிறது. அதனால் 13 என்பதை 31 என்று எழுதும் குழந்தைகள் நிறைய. தமிழில் ‘பதிமூணு’ என்றாலே பத்து முன்னால் நிற்கிறது. அவள் குழம்பும்போது தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் பலருக்கு இல்லாத துணை அது. தொண்ணூறில் மட்டும் கவனம். அதில் ‘நூறு’ ஒலிப்பதால் 90ஐயும் 100ஐயும் சில குழந்தைகள் மாற்றிச் சொல்வார்கள்.

கேள்வி: பள்ளியின் நூறாவது நாளுக்கு 100 பொருள்கள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மாமியார் குன்றிமணி வைத்திருக்கிறார். கொடுத்தனுப்பலாமா? (வாசகி, டாலஸ்)

பதில்: கண்டிப்பாகக் கூடாது. குன்றிமணியைக் கடித்து விழுங்கினால் கொடிய விஷம். ஆறு வயதுக் குழந்தைகள் இருபது பேர் கூடும் அறைக்கு அது ஆகாது. வேர்க்கடலை, முந்திரியும் வேண்டாம், ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருப்பார்கள். புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், சோழி நல்லது.

இந்த நாள் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து தினம் ஒரு உறிஞ்சுகுழலை ‘ஒன்றுகள்’ பையில் போட்டு வருவது பல வகுப்புகளில் வழக்கம். பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்டு போட்டு ‘பத்துகள்’ பைக்கு மாற்றுவார்கள். நூறாம் நாள் பத்துக் கட்டுகளும் சேர்ந்து ஒரே பெரிய கட்டாகும். இடமதிப்பைக் குழந்தை கையால் பிடித்துப் பார்ப்பது அன்றைக்குத்தான். ஆகவே நூறையும் ஒரே பையில் கொட்டி அனுப்பாதீர்கள். பத்துச் சின்னப் பைகளில் பத்துப் பத்தாகக் குழந்தையே போடட்டும். ஒவ்வொன்றாக எண்ணினால் 29, 39 தாண்டும் இடத்தில் தடம் தவறும். பத்துப் பத்தாக எண்ணினால் தவறிய பையை மட்டும் திரும்ப எண்ணலாம்.

கேள்வி: பனித்துகள் வடிவத்தைக் காகிதத்தில் வெட்டினோம். எட்டு முனை வந்தது. ஆசிரியர் ஆறுதான் வேண்டும் என்கிறார். இன்னொரு முறை வெட்டியபோது துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. (வாசகர், மினியாபொலிஸ்)

பதில்: பாதி, மறுபடி பாதி, மறுபடி பாதி என்று மடித்திருப்பீர்கள். அப்படி மடித்தால் நான்கோ எட்டோதான் வரும். ஆறு வேண்டுமானால் நடுவில் ஒருமுறை மூன்றாக மடிக்க வேண்டும். வட்டமான காபி வடிதாள் இதற்கு வாகானது. முதலில் பாதியாக மடியுங்கள். நேர்விளிம்பின் நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மூன்றும் சமமாக அமையும்படி மடியுங்கள். பிறகு அந்த ஆப்பை இன்னொரு முறை பாதியாக்குங்கள். இப்போது 12 அடுக்கு. தடித்த தாளாக இருந்தால் குழந்தையின் கத்தரி இங்கே நின்றுவிடும், அதனால்தான் வடிதாள்.

உதிர்வதற்குக் காரணம், மடிப்பு ஓரம் முழுவதையும் வெட்டிவிடுவது. இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, வெட்டுக்கு வெட்டு ஒரு விரல் அகலமாவது விட்டுவைக்க வேண்டும்.

ஆறு எங்கிருந்து வந்தது என்று பையன் கேட்பான். உறையும்போது நீர்மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கைகோத்து வளையமாக அடுக்கிக்கொள்கின்றன, அந்த ஆறுதான் வெளியே தெரிகிறது. வெர்மாண்டின் ஜெரிக்கோ ஊர் விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் பனித்துகளை நுண்ணோக்கி வழியாகப் படம் பிடித்தார். பிறகு 5,000க்கு மேல் எடுத்தார். நீங்களும் பார்க்கலாம். கறுப்புத் துணி ஒட்டிய அட்டையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் அரைமணி நேரம் வெளியிலேயே குளிர விடுங்கள். வீட்டுச் சூட்டோடு எடுத்துப்போனால் துகள் விழுந்ததும் துளியாகிவிடும். மூச்சுக்காற்றும் படக்கூடாது.

மார்கழிக் கோலம் போடும் வீடென்றால் இன்னும் எளிது. 7 புள்ளி, இடைப்புள்ளி, 4இல் நிறுத்தச் சொல்லுங்கள். 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளிகளில் அறுகோணம் தரையில் நிற்கும். நேர்ப்புள்ளியில் அது வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்காட்டினால் மடிப்பில் நடந்த பிழையும் அவனுக்கே புரிந்துவிடும்.

கேள்வி: மகள் ஆங்கிலச் சொற்களின் கடைசி ‘ஈ’ எழுத்தையும் சேர்த்தே வாசிக்கிறாள். (வாசகி, ஆஸ்டின்)

பதில்: முதல் வகுப்பில் இது வழக்கமான தடுமாற்றம். அந்த ‘ஈ’ தான் ஒலிக்காமல், முன்னால் உள்ள உயிரைத் தன் பெயரைச் சொல்ல வைக்கிறது. ‘கிட்’ என்ற சொல்லின் கடைசியில் ‘ஈ’ சேர்ந்தால் ‘கைட்’. ‘டப்’ என்பது ‘டியூப்’. ஒரு அட்டையில் ‘ஈ’ எழுதி, சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தும் எடுத்தும் இரண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். ‘கிவ்’, ‘ஹேவ்’ போன்றவை இந்த விதிக்குள் வராது. ஆங்கிலச் சொற்கள் பொதுவாக ‘வி’ எழுத்தில் முடிவதில்லை, அதற்காகவே அங்கே ‘ஈ’ நிற்கிறது.

கேள்வி: இடைவேளையில் பனியில் விளையாட விடுகிறார்கள். பேரன் உடுப்பு மாட்டுவதற்குள் மணி அடித்துவிடுகிறதாம். வீட்டில் நான்தான் மாட்டிவிடுகிறேன். (வாசகர், டொராண்டோ)

பதில்: நீங்கள் மாட்டிவிடுவதுதான் தடை ஐயா. வரிசையைச் சொல்லிக்கொடுங்கள்: கழிவறை, பனிக்கால்சட்டை, பூட்ஸ், கோட்டு, தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முதலில் மாட்டிய குழந்தையால் ஜிப்பைப் பிடிக்க முடியாது. பனிக்கால்சட்டையின் கீழ்ப்பகுதி பூட்ஸுக்கு வெளியே விழவேண்டும், உள்ளே செருகினால் பனி பூட்ஸுக்குள் இறங்கிக் காலுறை நனையும். விரல் தனித்தனியாக உள்ள உறையைவிட, நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறை சூட்டையும் காக்கும், மாட்டவும் எளிது. ஜிப்பின் அடிமுனையைப் பெட்டிக்குள் கடைசிவரை இறக்காமல் இழுப்பதால்தான் அது சிக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஐந்துமுறை, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவனே செய்யட்டும். ஒவ்வொரு உறையிலும் பெயர் எழுதுங்கள்.

கேள்வி: சூரியன் தூரமாகப் போவதால் குளிர்காலம் என்று மகளுக்குச் சொன்னேன். சரிதானே? (வாசகர், பாஸ்டன்)

பதில்: இல்லை. ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது, ஜூலையில் அது 15.2 கோடி. குளிருக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. ஆனால் அந்தக் காரணத்தை முதல் வகுப்பில் கேட்கமாட்டார்கள். பகல் எப்போது நீளம், எப்போது குறைவு என்று கவனித்துச் சொன்னால் போதும். பாஸ்டனில் டிசம்பர் 21 வாக்கில் பகல் சுமார் 9 மணி 5 நிமிடம், ஜூனில் 15 மணிக்கும் மேல். சென்னையில் அதே டிசம்பர் நாளில் 11 மணி 20 நிமிடம் அளவில் இருக்கும். ஊரிலுள்ள தாத்தாவிடம் தொலைபேசியில் கேட்டு இரண்டையும் பக்கத்தில் எழுதலாம்.

ஞாயிறுதோறும் உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒரு கட்டத்தாளில் குறிக்கச் சொல்லுங்கள். அஸ்தமனத்தை மட்டும் குறித்தால் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும்போது கோடு திடீரென்று குதிக்கும், குழந்தை பகல் ஒரே நாளில் ஒரு மணி நீண்டது என்று எழுதிவிடுவாள். பாஸ்டனில் அஸ்தமனம் டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்தே மெல்லத் தள்ளிப்போகத் தொடங்கிவிடும், உதயமோ ஜனவரி தொடக்கம் வரை தாமதமாகிக்கொண்டே போகும். இரண்டுக்கும் இடையில் ஒரு நூலை வெட்டி ஒட்டிக்கொண்டே வந்தால், எந்த வாரத்து நூல் குட்டை என்று அவளே விரல் வைத்துக் காட்டுவாள்.